பந்தச் சான்றிதழ்

ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆள் செய்தால் அதற்குப் பெயர் சுருட்டல். எங்கள் சலவைக்கூடத்துக்கு நாலு ஆஸ்பத்திரியிலிருந்தும் ஏழு விடுதியிலிருந்தும் நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் விரிப்புகள் வருகின்றன. ஒன்பது வருஷமாக ஒரு முனையை நான் பிடிக்கிறேன், மறுமுனையை என் கூட்டாளி பிடிக்கிறாள். உதறு, இழு, நெருங்கு, கைமாற்று, மறுபடி உதறு. அந்த ஒன்பது வருஷத்தில், பிரசவ விடுப்பை விட்டால், அவள் ஆறு வாரம் வேலைக்கு வரவில்லை. அந்த ஆறு வாரமும் மறுமுனையைப் பிடித்த புதுப்பெண்ணுக்கு இடது எது வலது எது என்றே தெரியாது. ஆகவே இதை நான் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டாளிக்கு மூன்றரை வயதில் ஒரு மகள். சுண்டு என்று கூப்பிடுவோம். அப்பா தூரதேசத்துக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அந்த நாலு நாளும் தூங்குவார். அதனால் சுண்டு கைக்குழந்தையாக இருந்தபோதே சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டாள். துவைத்த துணி தள்ளும் சக்கரக் கூடையில்தான் வளர்ந்தாள். ஒரு வயதில் தலையணை உறையை இழுத்தாள், இரண்டு வயதில் மடித்தாள், மூன்று வயதில் நாங்கள் மடித்ததைப் பிரித்துத் திருத்தி மடித்தாள்.

போன வருஷக் கடைசியில் கூடத்துக்கு ஆவி இஸ்திரி இயந்திரம் ஒன்று வந்தது. லாரி நீளத்துக்குப் படுத்திருக்கும். இயந்திரம் இருக்கிற இடத்தில் குழந்தைகள் கூடாது என்று மேலாளர் பலகை எழுதி மாட்டினார். அது நியாயம்தான், நானே அதன் பக்கத்தில் போக மாட்டேன். எதிர்த் தெருவிலேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. இடமும் காலியாக இருந்தது. அங்கே போய்க் கேட்டபோதுதான் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். தாயும் சேயும் உறுதியான பந்தத்தில் இருக்கிறார்கள் என்று 'தாய்சேய் பந்த ஓவிய நல மைய'த்தில் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அது இல்லாத குழந்தையைச் சேர்க்க விதியில் இடமில்லை.

கூட்டாளி அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினாள். நான் இரண்டு தடவை படித்தேன். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி வாங்கி வந்தால்தான் பிரித்து வைப்பார்களாம். மேலாளர் நல்ல மனுஷன். ஆறு வாரம், அதாவது அடுத்த மாதம் முடிந்து வருகிற முதல் தேதி வரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்கு மேல் புதுப்பெண்ணை நிரந்தரம் பண்ணிவிடுவேன் என்றார். மையத்தின் பயிற்சியும் சரியாக ஆறு வாரம். வாரத்துக்கு ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். தப்பு நடக்க வழியே இல்லை என்று நாங்கள் நினைத்தோம்.

மையத்தின் வாசலிலேயே பெயரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பெயர் என்பது சமூகம் மாட்டிய விலங்காம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறம் தருவார்கள். என் கூட்டாளிக்கு வெளிர் சாம்பல் கிடைத்தது. சுண்டு, குட்டி வெளிர் சாம்பல். ரோஜா நிறம் ஒரு முடிதிருத்துபவருக்குப் போனது. அவர் மனைவிக்குப் பகல் வேலை, கடையை மதியத்துக்கு மேல் திறந்தால் போதும் என்பதால் மகனை இவர் கூட்டி வந்திருந்தார். படிவத்தில் தந்தை என்று ஒரு கட்டமே இல்லை. புதிதாய்க் கட்டம் போட மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். பெரிய அலுவலகங்களில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரரைப் பொறுப்பு அதிகாரியாகப் போடுவதில்லையா, அந்த முறைப்படி அவரைப் 'பொறுப்புத் தாய்' என்று பதிவு செய்தார்கள். அவர் மறுக்கவில்லை. அன்று மாலையே கடைக்கண்ணாடியில் அந்த அட்டையை ஒட்டி வைத்துவிட்டார்.

பதிவுப் படிவம் பதினாலு பக்கம். உங்கள் கருவறை என்ன நிறம் என்று கருதுகிறீர்கள் என்பது மூன்றாவது கேள்வி. கூட்டாளி, உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்று எழுதினாள். குழந்தை உங்களைப் பார்க்கும்போது உங்களை எந்த வடிவமாக உணர்கிறீர்கள் என்பதற்கு நீள்சதுரம் என்று எழுதினாள். கருவுற்ற காலத்தில் உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்ற கேள்விக்குப் பொறுப்புத் தாய் வெகுநேரம் யோசித்து, வியாபாரம் சுமார் என்று எழுதினாராம்.

பிறகு இயக்குநர் அம்மையார் வந்தார். கழுத்தில் பெரிய மரமணி மாலை, குரலில் தேன். எல்லோரையும் தரையில் வட்டமாக உட்காரவைத்துப் பேசினார். "இங்க யாரும் யாரையும் எடை போட மாட்டோம். இது பாதுகாப்பான இடம். நீங்க தப்பே பண்ண முடியாது." அவருக்குப் பின்னால் சுவரோரமாக ஓர் இளம்பெண் நின்றாள். அவளுக்குப் பதவி நோக்காளர். கையில் அட்டை, அட்டையில் அட்டவணை, கழுத்தில் நிறுத்துகடிகாரம். தப்பே பண்ண முடியாத அந்த இடத்தில் யார் யார் என்னென்ன தப்பு பண்ணுகிறார்கள் என்று பத்துக்கு எத்தனை போட்டு எழுதுவதுதான் அவள் வேலை. கடைசி நாள் வரைக்கும் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

விதிகள் கொஞ்சம்தான் என்று அம்மையார் சொன்னதாகக் கூட்டாளி சொன்னாள், ஆனால் அவள் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. குழந்தை வரைவதை என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டால் கற்பனை காயப்படும். நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது, அது பாராட்டுக்கு ஏங்க வைக்கும். நன்றாக இல்லை என்று சொல்லவே கூடாது. மூக்கு ஒழுகினால் துடைக்கக் கூடாது, ஏனென்றால் அதுவும் ஒரு வெளிப்பாடு. வாய் திறந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வாக்கியம் அனுமதி: 'நீ நீலம் தீட்டியிருப்பதை நான் காண்கிறேன்.' நீலத்துக்குப் பதில் வேறு நிறம் போட்டுக்கொள்ளலாம். வீட்டிலும் இதையே பழக வேண்டும். அவள் எனக்குப் பக்கத்து வீடு. அந்த வாரம் முழுக்கக் கூட்டாளி வீட்டுச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது இதுதான். நீ பாலைக் கொட்டியிருப்பதை நான் காண்கிறேன். நீ என் செருப்பை வாளியில் போட்டிருப்பதை நான் காண்கிறேன். மூன்றாம் நாள் சுண்டு திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். நீ கத்துவதை நான் காண்கிறேன் என்றாள்.

சிக்கல் முதல் அமர்விலேயே வந்துவிட்டது. பதினொரு குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் வண்ணக்குச்சிகளும் கொடுத்து, நடுவில் ஒரு கட்டுத் தாளும் வைத்தார்கள். பத்துக் குழந்தைகள் கிறுக்கின. சுண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முனைக்கு முனை சேர்த்துப் பாதியாக மடித்தாள். நகத்தால் ஒரு தேய் தேய்த்தாள். மறுபடி பாதி. மடித்ததை இடதுபக்கம் வைத்துவிட்டு அடுத்த தாளுக்குக் கை நீட்டினாள். பத்து நிமிஷத்தில் இருபத்திரண்டு தாள் அடுக்காகிவிட்டது. அதில் ஐந்து பக்கத்துக் குழந்தைகள் வரைந்து முடித்தவை, மூன்று வரைந்துகொண்டிருந்தவை.

நோக்காளரின் பேனா நின்றது. அம்மையார் மண்டியிட்டு அந்த அடுக்கைப் பார்த்தார். ஒரு மடித்த தாளைப் பிரித்தார், உள்ளே ஒன்றும் இல்லை. அவர் கண் கலங்கிவிட்டதாம். குழந்தை தன்னைத்தானே மூடிக்கொள்கிறது, உள்ளே வெறுமை என்று மெதுவாகச் சொன்னார். கூட்டாளி பதறிப்போய், "இல்லைங்க, எங்க வேலையே அதுதாங்க. நாங்க துணி மடிக்கிறவங்க, அதைப் பாத்துப் பழகிட்டா," என்றாள். அம்மையார் வட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா, தாய் உடனே காரணம் சொல்றாங்க. காரணம் சொல்றதுதான் முதல் அறிகுறி." நோக்காளர் எழுதினாள். தாய்: மறுப்பு நிலை. பத்துக்கு இரண்டு.

கூட்டாளி சும்மா இருக்கிறவள் இல்லை. அடுத்த அமர்வு மடிப்பிலேயே போனதும், மூன்றாம் வாரத்துக்குள் சுண்டுவுக்கு வீடு வரையச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு சதுரம், மேலே முக்கோணம், இரண்டு ஜன்னல், பக்கத்தில் ஒரு மரம், மூலையில் சூரியன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற குழந்தை அது. நாலே நாளில் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் இந்த யோசனை கூட்டாளிக்கு மட்டும் வந்ததாகச் சொல்ல முடியாது. மூன்றாம் அமர்வில் பதினொரு குழந்தைகளும் ஒரே சதுரம், ஒரே முக்கோணம், இரண்டு ஜன்னல், மரம், சூரியன் வரைந்தார்கள். பொறுப்புத் தாயின் மகனுடைய மரம் மட்டும் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சியில் கொஞ்சம் விட்டிருந்தது.

அம்மையார் பதினொன்றையும் சுவரில் வரிசையாக மாட்டச் சொன்னார். பிறகு, பதினொரு பிஞ்சு மனங்களின் அடியாழத்திலும் ஒரே வீடு இருக்கிறது, அந்த வீட்டை இன்று நாம் கண்டுபிடித்திருக்கிறோம் என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எந்தத் தாயும் எந்தத் தாயின் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது சுண்டு எழுந்து போனாள். தன்னுடைய வீட்டைச் சுவரிலிருந்து எடுத்தாள். கூரையைத் தரையோடு சேர்த்து, ஜன்னலை ஜன்னலோடு சேர்த்து, நாலாக மடித்து இடதுபக்கம் வைத்தாள். வீட்டையே மூடிவிட்டாள் என்று அம்மையார் பெருமூச்சு விட்டார். அன்று பத்துக்கு ஒன்று.

நாலாம் வாரம் தாய்மார்களுக்கு. குழந்தைகளை வெளியே விளையாடவிட்டு, உங்களுக்குள் இருக்கும் குழந்தையை வரையுங்கள் என்றார்கள். விளக்கை மங்கலாக்கி, எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தத்தைப் போட்டார்கள். கூட்டாளி விடிவதற்கு முன் எழுகிறவள். சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நிற்கிறவள். யாரும் ஒன்றும் கேட்காமல், எதுவும் கொதிக்காமல், மங்கலான வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் அவள் உட்கார்ந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. பழுப்பு வண்ணத்தைத் தாளில் ஊற்றினாள், கன்னத்தை அதன்மேல் வைத்தாள், தூங்கிவிட்டாள். அமர்வு முடிந்து எழுப்பியபோது தாளில் ஒரு கன்னமும் அரைக் காதும் பதிந்திருந்தன. அம்மையார் அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். அடியில் 'தன்னை இழத்தல்' என்று எழுதியிருந்தார்கள். இன்றும் அது அங்கே தொங்குகிறது. எனக்கு அதைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, ஏனென்றால் அந்தக் கன்னத்துக்குப் பக்கத்தில் எச்சில் ஒழுகிய தடம்கூட இருக்கிறது.

ஐந்தாம் வாரம் மேலிடத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மடிக்கும் குழந்தையைப் பற்றி அம்மையார் நாற்பது பக்கத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தாராம். அவர் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உரையைத் தயாராக மேசையில் வைத்தார். பிறகு மையத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது கோட்டு கைகள் உள்ளடங்கி, பொத்தான் மேலே தெரிய, கடை அலமாரியில் வைக்கலாம் போல இருந்தது. உரை எட்டாக மடிந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. அது ஆய்வுப்பொருள், கலைக்கக் கூடாதாம். வெளியே தெரிந்த எட்டில் ஒரு பங்கை மட்டும் மூன்று தடவை வாசித்துவிட்டு உட்கார்ந்தார். அந்த மையத்தில் நடந்ததாக நான் கேள்விப்பட்ட உருப்படியான சிகிச்சை அது ஒன்றுதான்.

ஆனால் போகும்போது நிபுணர் ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போனார். இப்படியொரு குழந்தை இதற்கு முன் கிடைத்ததில்லை, ஒரு வருஷம் தொடர்ந்து ஆராய வேண்டும், அதுவரை சான்றிதழ் வேண்டாம். அம்மையாருக்குத் தரையில் கால் பாவவில்லை. கூட்டாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றாராம்.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஆறாம் வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை முதல் தேதி. "அந்தப் புதுப்பொண்ணு எப்படி மடிக்கிறா?" என்று கேட்டாள். மோசம் என்றேன். மேலாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். புதுப்பெண்ணுக்குச் சீருடை அளவு எடுத்துவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவளை விட்டால் எனக்கு அந்தக் கூடத்தில் யார் இருக்கிறார்கள்?

படிவத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வரிவரியாகப் படித்தோம். பன்னிரண்டாவது விதியில் ஒரு வழி இருந்தது. ஆறாம் வாரம் பிரிவுச் சோதனை. தாய் அறையைவிட்டு வெளியேற வேண்டும், அழுகை நாற்பது விநாடிக்குக் குறையாமலும் மூன்று நிமிஷத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் பந்தம் போதாது. மிஞ்சினால் பந்தம் அதிகம். அளவு சரியாக இருந்தால் வேறு எந்தக் குறிப்பு இருந்தாலும் அன்றைக்கே சான்றிதழ் தந்தாக வேண்டும். குடும்பத்திலிருந்து ஒரு சாட்சியும் வர வேண்டும். நான் வருகிறேன் என்றேன். மறுநாள் மையத்தில் என்னைச் 'சித்தி (பொறுப்பு)' என்று பதிந்துகொண்டார்கள்.

ஒரு குழந்தையை அழவைப்பது பெரிய வித்தை இல்லை என்று நினைப்பவர்கள் சுண்டுவைப் பார்த்ததில்லை. மூன்று நாள் கூட்டாளி பேசிப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"அம்மா வெளிய போவேன். நீ அழணும்."

"எதுக்கு?"

"அம்மா போறேன்ல."

"திரும்பி வந்துருவல்ல?"

"வருவேன்."

"அப்புறம் எதுக்கு அழணும்?"

கூட்டாளி என் பக்கம் திரும்பினாள். நான் இரண்டு காரணம் சொல்லிப் பார்த்தேன், இரண்டும் எடுபடவில்லை. அந்தப் பதினாலு பக்கப் படிவத்திலும் இதற்கு விடை இல்லை.

சோதனை நடக்கும் அறைக்குக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. நோக்காளர் உள்ளே இருந்தால் குழந்தை இயல்பாக அழாது என்று அவளும் எங்களோடு நடைவழியில்தான் நின்றாள். நடைவழிக் கோடியில் மேசை போட்டு எங்களுக்கு முதுகு காட்டியபடி இயக்குநர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். நோக்காளர் கொண்டுபோய்க் கொடுக்கும் அட்டையில் நேரம் மட்டும் பார்ப்பார். சரியாக இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் சிவப்பு முத்திரை.

எங்களுக்கு முன்னால் பொறுப்புத் தாய். மகனுக்கு என்ன பயிற்சி கொடுத்தாரோ, கதவு சாத்தியதும் பையன் பிடித்தான் பாருங்கள், கண்ணாடி அதிர்ந்தது. நாற்பது விநாடி தாண்டியதும் இவர் நிறுத்து நிறுத்து என்று கைகாட்டினார். பையன் அதை அப்பா உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டான். நாலு நிமிஷம் ஐந்து விநாடி. மிகைப் பந்தம், இன்னும் ஆறு வாரம் வர வேண்டும். அவர் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "பதவி நீட்டிப்பு குடுத்திருக்காங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.

அடுத்து வெளிர் சாம்பல். கூட்டாளி சுண்டுவை அறையில் உட்காரவைத்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். நோக்காளர் நிறுத்துகடிகாரத்தைக் கையில் எடுத்தாள். மொத்தம் பத்து நிமிஷம் அவகாசம். அதற்குள் அழுகை தொடங்க வேண்டும்.

சுண்டு கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு அறையை ஒரு நோட்டம் விட்டாள். மூலையில் வண்ணம் பட்ட மேலங்கிகள் ஒரு குவியலாகக் கிடந்தன, குழந்தைகள் கழற்றிப் போட்டவை. அதைப் பார்த்ததும் அவள் முகம் எங்கள் மேலாளர் முகம் மாதிரி ஆகிவிட்டது. போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நாடாவை உள்ளே தள்ளினாள், பாதியாக மடித்தாள், தேய்த்தாள். இரண்டு நிமிஷம் போயிற்று. நாலு போயிற்று. அம்மா என்கிறவள் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த வரிசைக்குப் போவாள், அப்புறம் வந்துவிடுவாள் என்று கூடைக்குள்ளிருந்தே பார்த்து வளர்ந்த குழந்தை. அவளுக்கு எதற்கு அழுகை வரும்? அவ்வளவு நம்பிக்கையை நான் எந்தப் பெரிய மனுஷனிடமும் பார்த்ததில்லை. அதற்கு அந்த அட்டவணையில் பூஜ்யம்.

கூட்டாளி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். "அழுடி கண்ணு," என்று வாய்க்குள் சொன்னாள். "ஒரே ஒரு தடவை அழுதுடு." ஆறாவது நிமிஷத்தில் சுண்டு மடித்த மேலங்கிகளைச் சின்னது கீழே பெரியது மேலே என்று தப்பாக அடுக்கிவிட்டாள். தானே கண்டுபிடித்து, கலைத்து, மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, தன்பாட்டில், யாரையும் தேடாமல். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளிக்குத் தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள், அடங்கவில்லை. சத்தம் போட்டு அழுதாள். வேலை போய்விடும் என்றா, பிள்ளை இப்படித் தனியாக இருக்கப் பழகிவிட்டதே என்றா, இனிமேல் கூடையில் அவள் இருக்கமாட்டாள் என்றா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நோக்காளர் நிறுத்துகடிகாரத்தை அமுக்கியிருந்தாள். கூட்டாளி மூக்கைத் துடைத்து நிமிர்ந்தபோது மறுபடி ஒரு டிக். அட்டையில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். அழுகை நேரம்: இரண்டு நிமிடம் பத்து விநாடி.

கூட்டாளி அவள் கையைப் பிடித்தாள். "என் பொண்ணு அழலையேம்மா," என்றாள்.

ஆறு வாரத்தில் முதல் தடவையாக நோக்காளர் வாயைத் திறந்தாள். "யார் அழுதாங்கன்னு இதுல கட்டம் இல்லைங்க." அட்டையை மூடினாள். நடைவழிக் கோடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ரெண்டு வயசுல ஒண்ணு இருக்கு. காலைல விட்டுட்டு வரும்போது பஸ்ல மூணு ஸ்டாப் வரைக்கும் அழுவேன். அதை யாரும் அளக்குறதில்ல." சொல்லிவிட்டு அட்டையோடு நடந்து போனாள்.

அம்மையார் எண்ணைப் பார்த்தார். எழுந்தார். நடைவழியில் காத்திருந்த எல்லாத் தாய்மார்களையும் கூப்பிட்டார். கூட்டாளியின் சிவந்த கண்ணைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் என்று முடிவு செய்துகொண்டார். "இந்தக் குழந்தை இங்க வந்தப்ப அழத் தெரியாம வந்துச்சு," என்று ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது. "சிரிச்சுக்கிட்டே வந்த எத்தனையோ குழந்தைகளை நாங்க அழவெச்சு அனுப்பியிருக்கோம். அந்தப் பெருமை இந்த மையத்துக்குத்தான் உண்டு." பிறகு கையெழுத்துப் போட்டார். நிபுணரின் குறிப்பை என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, குணமாகிவிட்ட குழந்தையை ஆராய முடியாது, புதிதாக ஒன்று கிடைக்காமலா போகும் என்றார். சொல்லிக்கொண்டே பொறுப்புத் தாய் போன திசையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் காப்பக வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். எட்டு மணிக்கு எங்களுக்கு மணி அடித்துவிடுவார்கள். காப்பகத்து ஆயா சான்றிதழை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டாள். உள்ளே அதுமாதிரி ஐந்நூறாவது இருக்கும். பிள்ளை அழுமா என்று மட்டும் கேட்டாள். கூட்டாளி கீழே குனிந்து சுண்டுவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள். உதடு நடுங்க ஆரம்பித்தது.

சுண்டு அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"அழாம போ. சாயங்காலம் நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் சமத்தா இருக்கணும்."

கூட்டாளி சரியென்று தலையாட்டினாள். சுண்டு ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.